இருப்புக் கணக்கில் வந்த 4294967295: இது என்ன வகை எண்?

பல்லடம் குடோன்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு நூல் வியாபாரியிடம் குடோன் கணக்கு பார்க்கிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கணக்குமேல் இருந்த ஆசை மட்டும் இன்றுவரை குறையவில்லை. லாரி நம்பரைப் பார்த்தாலும் மூன்றால் போகுமா, ஏழால் போகுமா என்று மனசு தானாகப் போட்டுப் பார்க்கும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. 40ஆம் நம்பர் நூலில் கடைசி மூட்டையையும் வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. கீழே ஒரு கோன் (நூல் சுற்றிய கூம்பு) கூட இல்லை. ஆனால் சலானில் ஒரு கோன் கூடுதலாக எழுதிவிட்டேன். அதை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டதும் இருப்புக் கட்டத்தில் 4294967295 என்று வந்து நின்றது. இல்லாத ஒரு கோனை அனுப்பினால் -1 என்று வரும், இல்லை தப்பு என்று சொல்லும். இது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 கோன் இருப்பு என்று சொல்கிறது. பல்லடம், சோமனூர், திருப்பூர் எல்லாம் சேர்த்து அடுக்கினாலும் இவ்வளவு கோனுக்கு இடம் போதுமா என்று தெரியவில்லை.

சாஃப்ட்வேர் பார்க்கிறவர் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார். நான் அந்த எண்ணை ஒரு பழைய சலானின் பின்பக்கம் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தவள், "அப்பா, இது பகா எண்ணா?" என்று கேட்டாள். அப்புறம் அவளே, "கடைசியில 5 இருக்கே, போச்சு" என்றாள்.

சரி என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இலக்கங்களைக் கூட்டினால் 57, அதனால் 3ஆல் போகும். 9ஆல் போகாது. 3, 5 இரண்டாலும் வகுத்ததும் 286331153 வந்தது. 7, 11, 13 எதுவும் போகவில்லை. 17 மிச்சமில்லாமல் போனது. வந்த ஈவு 16843009.

அங்கேதான் நின்றுவிட்டோம். 97 வரை இருக்கிற எல்லாப் பகா எண்ணாலும் அவள் வகுத்துப் பார்த்துவிட்டாள். இரவு பத்தரை ஆகிவிட்டது, எதிலும் போகவில்லை. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நொடியில் விடை வரும் என்று தெரியும். அவளுக்கு அது வேண்டாமாம், ஏன் என்று தெரிந்து செய்யணுமாம்.

ஒரு கோனைக் கழித்ததற்கு ஏன் இந்த எண், வேறு எண் இல்லாமல்? 16843009 மேற்கொண்டு உடையுமா? இந்த எண்ணுக்கு வேறு என்ன குணம் இருக்கிறது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அவளுக்கும் படித்துக் காட்டுவேன்.

எட்டுபிட்:

அண்ணா, முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மீதிக்குக் கணக்கு தெரிந்தவர்கள் வருவார்கள்.

பழைய லாரியில் கிலோமீட்டர் காட்டும் உருளை மீட்டர் பார்த்திருப்பீர்கள். 000000இல் இருக்கும்போது ஒரு கிலோமீட்டர் பின்னால் திருப்பினால் 999999 வரும். மீட்டருக்கு -1 என்று காட்டத் தெரியாது, ஆறு உருளைதான் அதனிடம் இருக்கிறது. உங்கள் புரோகிராமில் இருப்பை வைக்கிற இடம் 32 பிட். அதாவது 0 அல்லது 1 மட்டும் காட்டுகிற 32 உருளை. எல்லாம் 0ஆக இருக்கும்போது ஒன்றைக் கழித்தால் 32 உருளையும் 1க்குப் போய்விடும். அதன் மதிப்பு 1 + 2 + 4 + 8 என்று இரட்டித்துக்கொண்டே போகிற 32 எண்களின் கூட்டல். அதுதான் 4294967295. சுருக்கமாக 2³² - 1.

எங்கள் வேலையில் இந்த எண் அடிக்கடி கண்ணில் படும். மில்லி செகண்டை 32 பிட்டில் எண்ணுகிற கருவி இந்த எண்ணைத் தொட்டு 0க்குத் திரும்ப 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 நொடி ஆகும். ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடிய மெஷின் 50ஆம் நாள் காரணமே இல்லாமல் கோளாறு செய்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இணைய முகவரியில் 255.255.255.255 என்று வருமே, அதையும் ஒரே எண்ணாக எழுதினால் இதுதான்.

திங்கட்கிழமை வருகிறவரிடம், கழிப்பதற்கு முன்னால் இருப்பு போதுமா என்று பார்க்கிற ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டத்தில் காட்டுவதை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் உள்ளே இருக்கிற தப்பு அப்படியே இருக்கும்.

கீரனூர் வாத்தியார்:

தம்பி, உங்கள் மகள் 97 வரை கையால் வகுத்துப் பார்த்தாள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தேன். விடை வேண்டாம், ஏன் என்று சொல்லுங்கள் என்று கேட்கிற பிள்ளை ஒரு வகுப்புக்கு ஒன்று இருந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம்.

பாப்பாவிடம் சொல்லுங்கள், வகுத்தலே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்குத் தெரிந்த a² - b² = (a + b)(a - b) போதும். மேலே அந்தத் தம்பி சொன்னபடி இந்த எண்ணோடு 1 கூட்டினால் 2³². அது 65536இன் வர்க்கம். ஆகவே நம் எண் 65536² - 1², அதாவது 65537 × 65535. இந்த 65535 மறுபடியும் 256² - 1. அது 257 × 255. 255 என்பது 16² - 1, அதாவது 17 × 15. 15 என்பது 4² - 1, அதாவது 5 × 3. ஒரே சூத்திரத்தை நாலு முறை போட்டதும் முழு எண்ணும் பிரிந்துவிட்டது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

நீங்கள் நின்ற 16843009 என்பது 257 × 65537. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் 257 கையில் சிக்கியிருக்கும். 97க்கு அப்புறம் 257 வரை நடுவில் 29 பகா எண் இருக்கிறது, அதனால் அலுத்துப் போனது தப்பே இல்லை.

257உம் 65537உம் பகா எண்தானா என்று அவள் கட்டாயம் கேட்பாள். 257க்கு 16 வரை பார்த்தால் போதும், ஆறே பகா எண், உடனே முடிந்துவிடும். 65537க்கு 256 வரை பார்க்க வேண்டும், அதற்குள் 54 பகா எண்கள். ஆனால் இங்கே கணித மேதை ஆய்லர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார். 2¹⁶ + 1ஐ எந்தப் பகா எண் வகுத்தாலும் அது 32இன் மடங்கோடு 1 கூட்டினதாகத்தான் இருக்க முடியும். 33, 65, 97, 129, 161, 193, 225 என்று எழுதிப் பாருங்கள். இதில் பகா எண் 97, 193 இரண்டே. 97ஆல் வகுத்தால் மீதி 62, 193ஆல் வகுத்தால் மீதி 110. அவ்வளவுதான், 65537 பகா எண். 54 வகுத்தல் இரண்டாகக் குறைந்துவிட்டது. இந்த இடத்தை அவளே செய்து பார்க்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இனி குணங்கள். ஐந்து பகா எண்ணும் ஒவ்வொரு முறைதான் வருகிறது, அதனால் 1ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம், விடலாம் என்பதால் காரணிகள் 2 × 2 × 2 × 2 × 2 = 32. அந்த 32 காரணிகளையும் கூட்ட 4 × 6 × 18 × 258 × 65538 என்று பெருக்கினால் போதும். விடை 7304603328. இதில் நம் எண்ணையே கழித்தால் 3009636033. எண்ணைவிடக் குறைவு. 6, 28 போன்ற நிறைவெண்ணில் தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் அந்த எண்ணுக்குச் சமமாக வரும். இங்கே குறைகிறது, ஆகவே இது குறைவெண். 32 காரணிகளின் சராசரியும் பின்னமில்லாமல் 228268854 என்று வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1இலிருந்து 15 வரை, 15ஓடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 1, 2, 4, 7, 8, 11, 13, 14. மொத்தம் எட்டு. 15ஓடு 1 கூட்டிப் பாதியாக்கினாலும் எட்டு. நம் பெரிய எண்ணுக்கும் அப்படியே. பொதுக் காரணி இல்லாதவை 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது 2³¹. நம் எண்ணோடு 1 கூட்டினால் 2³², அதில் சரிபாதி. ஒன்றுகூடப் பிசகவில்லை. 3, 15, 255, 65535, 4294967295 ஐந்துக்கும் இந்தக் குணம் உண்டு. இந்த வரிசைக்கு வெளியிலிருந்தும் ஒரு எண் வந்து சேர்ந்துகொள்கிறது: 83623935. அதன் காரணிகள் 3 × 5 × 17 × 353 × 929. கையால் பெருக்கிச் சரிபார்த்தேன், 2 × 4 × 16 × 352 × 928 என்பது 41811968, அதன் இரட்டை 83623936. இப்படி ஒரு எண்ணைப் பார்க்கும்போது யாரோ தெரிந்தவரை வெளியூர்ச் சந்தையில் பார்த்ததுபோல் இருக்கும்.

நெல்மணி:

சதுரங்கப் பலகைக் கதையும் இதில் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நாலு. பலகையின் முதல் பாதி, 32 கட்டம் வரைக்கும் சேர்ந்த மொத்தம்தான் 4294967295. ஆயிரம் நெல்லுக்கு 25 கிராம் என்று வைத்தால் 107 டன் வரும். பத்து டன் லாரியில் பதினோரு நடை. இதுவரைக்கும் ஒரு ராஜாவால் கொடுக்க முடியும். 33ஆம் கட்டத்தில் மட்டும் அதுவரை கொடுத்ததைவிட ஒரு நெல் கூடுதல், பாதிப் பலகை இன்னும் பாக்கி. கேரளத்து அம்பலப்புழை கோயில் பால் பாயசத்துக்குச் சொல்கிற ஐதிகம் இதே கணக்குத்தான்.

முனைக்கோடு:

நான் திருச்சியில் எம்எஸ்சி கணிதம் படிக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன ஐந்து பகா எண்களுக்குப் பெயரே உண்டு, ஃபெர்மா பகா எண்கள். ஃபெர்மா என்பது ஒரு கணிதரின் பெயர். 2, 4, 16, 256 என்று வர்க்கமாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருகிற எண் பகா எண்ணாக இருந்தால் அது ஃபெர்மா பகா எண். இன்றுவரை மனிதருக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் மொத்தமே இந்த ஐந்துதான். உங்கள் குடோன் கம்ப்யூட்டர் காட்டியது அந்த ஐந்தையும் ஒவ்வொரு முறை பெருக்கிய எண்.

அதனால் வடிவியலில் இதற்கு ஒரு தனி இடம் கிடைக்கிறது. அளவு குறிக்காத நேர்கோலும் காம்பஸும் மட்டும் வைத்து எந்த ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. மூன்று, ஐந்து, பதினைந்து பக்கம் அவர்களுக்கு வந்தது. அதற்குமேல் இரண்டாயிரம் வருஷம் யாராலும் புதிதாக ஒற்றைப்படைப் பக்கம் சேர்க்க முடியவில்லை. 1796 மார்ச்சில், பத்தொன்பது வயது முடிய ஒரு மாதம் இருக்கும்போது, கௌஸ் 17 பக்கத்தை வரைய முடியும் என்று காட்டினார். 1801இல் வந்த அவர் நூலில் பொது விதி இருக்கிறது: பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம். மற்றவற்றை வரையவே முடியாது என்று 1837இல் வான்ட்செல் நிறுவினார்.

இப்போது உங்கள் எண்ணின் 32 காரணிகளைப் பாருங்கள். 1ஐ விட்டால் 31. காம்பஸால் வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் இந்த 31 மட்டுமே. ஆரம்பம் முக்கோணம், கடைசி 4294967295 பக்கம் உள்ள பலகோணம்.

அது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூமத்திய ரேகையையே வட்டமாக வைத்து, சுற்றளவு 40075 கிலோமீட்டர், அதற்குள் இதை வரைந்தால் ஒவ்வொரு பக்கமும் 9.3 மில்லிமீட்டர் வரும். சுண்டுவிரல் நக அகலத்துக்குப் பூமி முழுவதும் ஒரு மூலை. 65537 பக்கத்துக்கே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து வருஷம் உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவ்வளவு வருஷத்தை இதற்குக் கொடுத்த மனிதரை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

பல்லடம் குடோன்காரர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி முழுவதையும் படித்துக் காட்டினேன். 97ஆலும் 193ஆலும் அவளே வகுத்து 62, 110 என்று எடுத்தாள். லாரி மீட்டர் உதாரணம் எனக்கே பளிச்சென்று புரிந்தது. சாஃப்ட்வேர்க்காரர் வந்து, இருப்பு இல்லை என்றால் கழிக்க விடாத மாதிரி செய்து கொடுத்துவிட்டார்.

மகளுக்கு ஒரு சந்தேகம். வர்க்கமாக்கி 1 கழிக்கிற வேலை எத்தனை முறை வேண்டுமானாலும் போகுமே, ஏன் ஐந்து பகா எண்ணோடு நிற்கிறது? அடுத்து வருவது 4294967297 இல்லையா? அதைத் தன்னால் உடைக்க முடியவில்லை என்கிறாள். 3, 7, 11, 13, 17, 19 எதுவும் போகவில்லையாம்.

கீரனூர் வாத்தியார்:

அவள் நிற்கிற இடத்தில் ஃபெர்மாவே நின்றிருக்கிறார் என்று சொல்லுங்கள். 3, 5, 17, 257, 65537 என்று வரிசையாகப் பகா எண்ணாக வந்ததைப் பார்த்து, இப்படியே எல்லாமும் வரும் என்று 1640இல் கடிதங்களில் எழுதினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். கிட்டத்தட்ட 90 வருஷம் யாரும் அசைக்கவில்லை. 1729இல் கோல்ட்பாக் அதைப் பற்றி ஆய்லருக்கு எழுதிக் கேட்டார். 1732இல், 25 வயதில், ஆய்லர் உடைத்துவிட்டார்:

4294967297 = 641 × 6700417

எப்படி 641ஐப் பிடித்தார்? அதே குறுக்கு வழிதான். இங்கே காரணி 64இன் மடங்கோடு 1 கூட்டினதாக இருக்க வேண்டும். அந்த வகையில் வருகிற பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி 0. பாப்பா 19 வரை பார்த்தாள், 641 இருப்பது 116ஆவது இடம். வரிசையாகப் போனால் ஒரு ராத்திரி போதாது.

வகுக்காமலே 641 போகும் என்று காட்ட ஒரு வழி இருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை சிலிர்க்கும். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள். 641 = 5 × 128 + 1. அப்புறம் 641 = 625 + 16. இனி 641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வரிப்படி 5 × 128 என்பது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே மீதி -1 என்று வைக்கலாம். அதை நாலு முறை பெருக்கினால் மீதி 1. ஆனால் நாலு முறை பெருக்கியது 625 × 2²⁸. இரண்டாவது வரிப்படி 625 என்பது 641க்குப் பதினாறு குறைவு, ஆகவே அதன் மீதி -16. 16 என்பது 2⁴. எனவே -2⁴ × 2²⁸, அதாவது -2³², மீதி 1 தருகிறது. அப்படியென்றால் 2³² + 1 மீதி 0. முடிந்தது. இவ்வளவு பெரிய எண்ணை ஒரு முறைகூட எழுதவில்லை பாருங்கள்.

அடுத்தது எப்படி என்றால், 4294967297இலிருந்து தொடங்கி வரிசையில் வருகிற 28 எண்களும் பகு எண் என்று இதுவரை நிரூபித்திருக்கிறார்கள். அதற்கு அடுத்தது, 2இன் படியாக 2³³ வருவது, என்னவென்று தெரியாது. ஆறாவது ஃபெர்மா பகா எண் இருக்கிறதா என்பது திறந்தே கிடக்கிற கேள்வி. சதுரங்கப் பலகை முழுவதுக்கும் வருகிற 18446744073709551615, நம் எண்ணையும் 4294967297ஐயும் பெருக்கினால் வருவது. அதனால் அந்த "சரிபாதி" குணம் அதற்குக் கிடையாது.

பாப்பாவுக்கு ஒரு வேலை தருகிறேன். கட்டம் போட்ட நோட்டில் பாஸ்கல் முக்கோணம் வரையட்டும். எண்களை எழுத வேண்டாம், ஒற்றைப்படை வருகிற கட்டத்தை மட்டும் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஓரமும் கறுப்பு. நடுவில், மேலே இருக்கிற இரண்டு கட்டத்தில் ஒன்று மட்டும் கறுப்பென்றால் கீழே கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. உச்சியை 0ஆவது வரி என்று எண்ணி 31ஆவது வரி வரை போகட்டும். (பிங்கலரின் சந்த சாத்திரத்துக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதே முக்கோணத்தை மேரு பிரஸ்தாரம் என்று விளக்குகிறார், பாஸ்கலுக்கு வெகு காலம் முன்னால்.) பிறகு கறுப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் வைத்து ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசிக்கச் சொல்லுங்கள். 1, 11, 101, 1111, 10001. என்ன வருகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

பல்லடம் குடோன்காரர்:

ஐயா, மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தாளை ஒட்டி வரைந்தாள். பென்சில் கரி இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

முதலில் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று எழுதிக்கொண்டே போனாள். 51இல் வரும்போது நிறுத்தி, "அப்பா, 3 × 17" என்றாள். 85இல், "5 × 17." அப்புறம் அவளே பழைய சலானை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். 32 வரி, 32 காரணி, சின்னதிலிருந்து பெரியது வரை அதே வரிசை. 19ஆவது வரியில் மட்டும் ஒத்துவரவில்லை. உற்றுப் பார்த்தால் இடது ஓரத்தில் நாலு கறுப்பு, வலது ஓரத்தில் மூன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணுமே என்று அழித்துவிட்டு 18இலிருந்து மறுபடி போட்டாள். சரியாக 983055 வந்தது, 15 × 65537.

31ஆவது வரியில் ஒரு வெள்ளைக் கட்டம்கூட இல்லை. முப்பத்திரண்டும் கறுப்பு. என் இருப்புக் கட்டத்தில் வந்த அதே எண், பென்சிலால் போட்டது, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. சனிக்கிழமை அதைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. இப்போது அந்தத் தாளைக் குடோன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கறுப்புக் கட்டங்களையும் எண்ணியிருக்கிறாள். மொத்தம் 528 கட்டத்தில் 243 கறுப்பு. 243 என்றால் 3ஐ ஐந்து முறை பெருக்கியது. எண்ணிப் பார்த்ததும் அவளுக்கே ஆச்சரியம். இது தற்செயலா ஐயா?

கீரனூர் வாத்தியார்:

தற்செயல் இல்லை. முதல் இரண்டு வரியில் எண்ணச் சொல்லுங்கள், 3 கறுப்பு. முதல் நாலு வரியில் 9. எட்டில் 27, பதினாறில் 81. ஒவ்வொரு முறை உயரம் இரட்டிக்கும்போதும் மேலே இருக்கிற முக்கோணம் அப்படியே கீழே இடதும் வலதுமாக இரண்டு முறை மறுபடி வருகிறது, நடுவில் தலைகீழாக ஒரு வெள்ளை முக்கோணம். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஒன்று மூன்றாகிறது, ஐந்து முறை. இரட்டிப்பது ஐந்து முறை, பகா எண்ணும் ஐந்து.

இன்னும் ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்கள், 32ஆவது.

பல்லடம் குடோன்காரர்:

போட்டாள் ஐயா. மேல் வரி முழுக்கக் கறுப்பு என்பதால் நடுவில் எல்லாமே வெள்ளையாகிவிட்டது. இரண்டு ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு கறுப்பு, நடுவில் 31 வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இடது ஓரக் கறுப்புக்குப் பக்கத்தில் 641 என்றும் வலது ஓரத்தில் 6700417 என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.